வில்லுக்கு உயிரூட்டிய மேதை துவாரம் வேங்கடசாமி நாயுடு

தமிழ் எழுத்துக்களை உயிர் என்றும் மெய் என்றும் பகுத்து வைத்தனர் நம் முன்னோர். மெய்யெழுத்துத் தனித்து நின்று ஒலிப்பது அரிது. உயிர் வந்து சேரும்போதுதான் அது நாவில் எளிதாக இயங்குகிறது. எம் பாடசாலையின் முதலாம் வகுப்புப் பிள்ளைகளும் இதனை அறிவர். வயலின் என்னும் இசைக்கருவிக்கும் இந்த இலக்கணம் பொருந்தும். இடக்கை விரல்கள் தந்தியின்மீது சுரங்களின் இடங்களைக் காட்டுகின்றன. அவை மெய். வலக்கையிலுள்ள வில் அந்தச் சுரங்களுக்கு ஒலியையும் உணர்ச்சியையும் தருகின்றது. அதுவே உயிர். விரல் எத்துணை விரைவாக ஓடினும் வில் செம்மையாக இயங்காவிடின் அங்கே பிறப்பது வெறும் ஓசையே. அதனை நாதம் என்று சொல்ல இயலாது.

எம் பாடசாலைப் பிள்ளைகளுட் பலர் வயலின் பயில்கின்றனர். சிலர் கிழமை நாட்களில் ஆங்கிலப் பாடசாலையில் மேலைத்தேய முறையிலும், வார இறுதியில் கர்நாடக முறையிலும் பயில்கின்றனர். பிள்ளை எத்தனை வர்ணம் முடித்துவிட்டது, எத்தனை கீர்த்தனை பாடமாயிற்று என்று பெற்றோர் ஆவலுடன் கேட்பதை நாம் அறிவோம். அந்த ஒலி இனிமையாக இருக்கின்றதா என்று கேட்போர் குறைவு. இந்தக் கேள்வியைத் தம் வாழ்நாள் முழுவதும் தம்மிடமே கேட்டுக்கொண்டு வாழ்ந்த ஒரு பெருங்கலைஞரின் வரலாற்றை இவ்வாண்டு விழா மலரிலே எம் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் எடுத்துரைக்க விரும்புகின்றோம். அவரே துவாரம் வேங்கடசாமி நாயுடு ஆவார்.

அவர் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர். ஆயினும் தமிழ்நாட்டின் இசையரங்குகள் அவரைத் தம்மவராகவே ஏற்றுப் போற்றின. இசைக்கு மொழி எல்லை இல்லை என்பதற்கு அவரும் ஒரு சான்று.

வயலின் நம் மண்ணுக்கு வந்த வரலாறு

வயலின் ஐரோப்பாவிலே தோன்றிய கருவி. இத்தாலி நாட்டின் கிரெமோனா நகரத்துக் கைவினைஞர்கள் 16 ஆம், 17 ஆம், 18 ஆம் நூற்றாண்டுகளிலே அதனைச் செம்மைப்படுத்தினர். இன்று நாம் பயன்படுத்தும் வில்லின் வடிவத்தைப் பிரான்சு நாட்டவரான பிரான்சுவா தூர்த் என்பவர் 18 ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி நிலைபெறச் செய்தார். ஆங்கிலேயர் சென்னையிலே கோட்டை கட்டி ஆண்ட காலத்தில் அவர்களுடைய வாத்தியக் குழுவினரோடு இக்கருவி நம்மவர் செவிகளை எட்டியது.

முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியாராகிய பாலுசுவாமி தீட்சிதர் (1786 - 1859) ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் பயின்று, அதனை நம் இசைக்கு ஏற்ற கருவியாக்கிய முன்னோடிகளில் தலையாயவர். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு, திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் அரசவையிலே வயலின் வாசித்துப் பெரும்புகழ் பெற்றார். மன்னர் அவருக்குத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசாக வழங்கினார். பின்னர் திருக்கோடிகாவல் கிருஷ்ணையர், மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை போன்ற பெரியோர் இக்கருவியைக் கச்சேரி மேடையின் இன்றியமையாத துணையாக்கினர்.

நம்மவர் கருவியைப் பிடிக்கும் முறையை மாற்றிக்கொண்டனர். நின்று வாசிப்பதை விட்டுத் தரையிற் சம்மணமிட்டு அமர்ந்தனர். கருவியின் தலைப்பகுதியை வலக்கால் பாதத்தின்மீது ஊன்றினர். தந்திகளைச் சட்சம், பஞ்சமம், சட்சம், பஞ்சமம் என்று சுருதி கூட்டினர். இடக்கை கமகங்களை வழுக்கிச் செல்ல இம்முறை பெரிதும் உதவியது. இடக்கையின் கலை இவ்வாறு வேகமாக வளர்ந்தது. வலக்கையின் கலை அந்த அளவுக்கு வளர்ந்துவிடவில்லை. குட்டையான வில்லோட்டமும் கரகரப்பான ஒலியும் அக்காலத்துப் பக்கவாத்தியங்களிலே பொறுத்துக்கொள்ளப்பட்டன. இந்தக் குறையை நிறைவாக்கியவர்களுள் முதன்மையாக வைத்து எண்ணத்தக்கவர் துவாரம் அவர்கள்.

பிறப்பும் இளமையும்

வேங்கடசாமி நாயுடு 1893 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 8 ஆம் நாள், தீபாவளித் திருநாளன்று, பெங்களூரிலே பிறந்தார். துவாரம் என்பது அவருடைய குடும்பப் பெயர். தந்தையார் இராணுவத்திலே பணியாற்றியவர். குடும்பம் பின்னர் வங்கக் கடலோரத்திலுள்ள விசாகப்பட்டினத்திற் குடியேறியது. வேங்கடசாமி அங்கேயே வளர்ந்தார்.

இளமையிலேயே அவருக்குக் கண்பார்வை மிகவும் குறைவாக இருந்தது. நூல்களை வைத்துப் படிக்கும் கல்வியிலே இக்குறை பெருந்தடையாயிற்று. ஆயின் வீட்டிலே வேறொரு கல்வி அவருக்காகக் காத்திருந்தது. தமையனார் வேங்கடகிருஷ்ணய்யா வயலின் வாசிக்கவல்லவர். அவரே தம்பிக்குக் குருவானார். கண்ணால் நூலைப் பார்க்க இயலாத சிறுவன் காதால் இசையைப் படித்தான். ஒரு சுரம் சரியாக விழுந்ததா, வில் தந்தியிலே சீராக ஓடியதா என்பவற்றைச் செவி ஒன்றினாலேயே அளந்தறிய அவன் பழகினான். பிற்காலத்தில் அவருடைய வாசிப்பைக் கேட்டோர் யாவரும் வியந்த நாதத்தூய்மைக்கு வித்து இங்கேதான் இடப்பட்டது என்று நாம் எண்ணுகின்றோம்.

மாணவராகச் சென்று பேராசிரியரானவர்

விசாகப்பட்டினத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது விசயநகரம். கருநாடகத்திலே கிருஷ்ணதேவராயர் ஆண்ட விசயநகரம் வேறு, இது வேறு. இவ்வூர் சமத்தானத்தின் மன்னர் விசயராம கஜபதி ராஜூ 1919 ஆம் ஆண்டில் ஓர் இசைக் கல்லூரியை நிறுவினார். அரண்மனை அலுவலர் ஒருவருக்குப் பார்வையற்ற மகன் இருந்தான் என்றும், அவன் இசை பயில வழி செய்யும் பொருட்டே மன்னர் இக்கல்லூரியைத் தொடங்கினார் என்றும் அதன் வரலாறு கூறுகின்றது. ஹரிகதைக் கலையிலே தெலுங்கு நாட்டின் தனிப்பெரும் மேதையாகிய ஆதிபட்ல நாராயண தாசர் அதன் முதல் அதிபராக அமர்ந்தார்.

அக்கல்லூரியில் மாணவராகச் சேரும் எண்ணத்துடன் வேங்கடசாமி அங்கே சென்றார் என்பர். அவருடைய வாசிப்பைக் கேட்டவர்கள் இவருக்குக் கற்பிக்க இங்கே ஒருவரும் இல்லை என்று கண்டுகொண்டு, அவரையே வயலின் பேராசிரியராக நியமித்தனர். அப்போது அவருக்கு வயது 26. 1936 ஆம் ஆண்டில் நாராயண தாசருக்குப் பின் அக்கல்லூரியின் அதிபராகவும் அவர் உயர்ந்தார். பார்வையற்ற ஒரு பிள்ளையை மனத்திற் கொண்டு தோன்றிய கல்லூரியைப் பார்வை குன்றிய ஒருவர் தலைமை தாங்கிப் புகழ்பெறச் செய்தார் என்பதை எம் மாணவர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

அக்கல்லூரியின் சிறப்பை எம் பெற்றோர் எளிதில் உணர வேண்டுமாயின் இரண்டு பெயர்களைச் சொன்னாற் போதும். திரைப்பாடல்களால் நம் வீடுகள் யாவற்றிலும் ஒலித்த கண்டசாலா அங்கே இசை பயின்றவர். பி. சுசீலாவும் அக்கல்லூரியில் இசை கற்றவரே. கர்நாடக இசையரங்குகளைப் பல்லாண்டு அணி செய்த நேதுநூரி கிருஷ்ணமூர்த்தியும் அங்கிருந்து வந்தவரே ஆவார்.

வில்லிற் புதைந்துள்ள விஞ்ஞானம்

துவாரம் அவர்களின் வாசிப்புச் சிறப்பை உணர்வதற்கு முன், வில் எவ்வாறு ஒலியை எழுப்புகின்றது என்பதை எம் மாணவர்கள் அறிந்துகொள்வது நன்று.

வில்லிலே ஏறத்தாழ 150 குதிரைமயிர்கள் கட்டப்பட்டுள்ளன. அவற்றின்மீது ரோசின் என்னும் பிசின்கட்டியைத் தேய்க்கின்றோம். பிசின் பூசிய மயிர் தந்தியைப் பற்றி இழுக்கின்றது. ஓரளவு இழுபட்டதும் தந்தி பிடியிலிருந்து நழுவித் திரும்புகின்றது. மயிர் அதனை மீண்டும் பற்றுகின்றது. இவ்வாறு பற்றுவதும் நழுவுவதும் ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான தடவை நிகழ்கின்றன. மேலைத்தேய வயலினின் இரண்டாம் தந்தி (A) நொடிக்கு 440 தடவை அதிர்கின்றது. வில் அத்தந்தியை நொடிக்கு 440 தடவை பற்றி விடுகின்றது என்பதே இதன் பொருள். செருமனி நாட்டு அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இந்த அசைவை 19 ஆம் நூற்றாண்டிலே ஆராய்ந்து விளக்கினார்.

இதனை மேலும் ஆராய்ந்தவர் நம் நாட்டவரே. திருச்சிராப்பள்ளிக்கு அருகிலே திருவானைக்காவலிற் பிறந்து, 1930 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன் அவர்கள், ஒளியைப் பற்றிய தமது புகழ்பெற்ற கண்டுபிடிப்புக்கு முன்னர் வயலின் தந்தியைப் பற்றி ஆராய்ந்தவர். 1918 ஆம் ஆண்டில் இதுபற்றி விரிவான ஆய்வுநூல் ஒன்றை வெளியிட்டார். பின்னர் வில்லின் வேகத்தையும் அழுத்தத்தையும் அளந்து மாற்றக்கூடிய இயந்திரம் ஒன்றை அமைத்தும் சோதனைகள் செய்தார். அவருடைய தந்தையார் வயலினில் ஈடுபாடுடையவர். விசாகப்பட்டினத்துக் கல்லூரி ஒன்றிலே ஆசிரியராக இருந்தார். ஆகவே இராமன் தம் இளமைக் காலத்தை விசாகப்பட்டினத்திலேயே கழித்தார். வில்லின் இரகசியத்தை ஒருவர் விஞ்ஞானத்தால் ஆராய்ந்தார், மற்றொருவர் கலையால் ஆராய்ந்தார். இருவரையும் வளர்த்தது ஒரே ஊர்.

வில்லின் ஒலியை மூன்று காரியங்கள் ஆளுகின்றன. முதலாவது வேகம். இரண்டாவது அழுத்தம். மூன்றாவது வில் தந்தியைத் தொடும் இடம். குதிரை எனப்படும் மரத்தாங்கிக்கு அருகே வில்லை ஓட்டினால் ஒலி கூர்மையாகவும் உரத்தும் வரும். ஆயின் அங்கே அழுத்தம் மிகுதியாக வேண்டும். விரற்பலகையின் பக்கமாக ஓட்டினால் ஒலி மென்மையாக வரும். அங்கே சிறிதளவு அழுத்தமே போதும். அழுத்தம் குறைந்தால் தந்தி சீழ்க்கையடிக்கும். அழுத்தம் மிகுந்தால் கறகறவென்று அரைபடும். இவ்விரண்டு எல்லைகளுக்கும் இடையிலே இனிய நாதம் பிறக்கின்ற இடம் உள்ளது. அந்த இடத்தை ஒவ்வொரு சுரத்திற்கும் கண்டறிந்து, வில் நுனிக்குச் செல்லும்போதும் அடிக்குத் திரும்பும்போதும் அதனை விட்டு விலகாது நிற்பதே வில்வித்தை.

துவாரம் அவர்களின் வாசிப்பு

அக்காலத்திலே ஒலிபெருக்கி இல்லாத அரங்குகள் பல. பெருங்கூட்டத்தின் கடைசி வரிசைக்கும் வயலின் கேட்க வேண்டும். மைசூர் சௌடையா அவர்கள் இதற்காக மேலும் மூன்று தந்திகளைச் சேர்த்து ஏழு தந்தி வயலினை அமைத்தார். அது ஒரு வழி. துவாரம் அவர்கள் நான்கு தந்திகளோடே நின்று, வில்லின் வழியாகத் தீர்வு தேடினார். வில்லை அழுத்தி ஒலியைப் பெருக்காமல், அதன் முழு நீளத்தையும் பயன்படுத்தி ஒலியை நிறைத்தார்.

நீண்ட வில்லோட்டம் அவருடைய தனிச்சிறப்பு. வில்லின் நீளம் ஏறத்தாழ 75 சென்ரிமீற்றர். பெரும்பாலோர் நடுப்பகுதியில் ஒரு சாண் அளவையே பயன்படுத்தினர். துவாரம் அவர்களோ அடி முதல் நுனி வரை எல்லாவற்றையும் பயன்படுத்தினார். ஒரு நீண்ட இராக ஆலாபனைச் சொற்கட்டு முழுவதும் ஒரே வில்லிலே மூச்சு விடாமற் பாடுவதுபோல் வெளிவரும். வில் திரும்பும் இடத்திலே மேடுபள்ளம் தெரியாது. பூ இதழ் விரிவதுபோல் ஒலி மெல்லத் தொடங்கி நிறைந்து மெல்லத் தேயும்.

இந்த நுட்பத்தை அவர் எங்கிருந்து பெற்றார்? மேலைத்தேய வயலின் இசையை அவர் ஆர்வத்தோடு கேட்டவர். அவர்களுடைய வில் பிடிப்பு, வில்லோட்டம், ஒலியிலே பெருக்கியும் குறைத்தும் உணர்ச்சி காட்டும் முறை ஆகியவற்றைக் கூர்ந்து ஆராய்ந்து, தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார். ஆயினும் அவர் வாசித்த இராகம் நம் இராகமாகவே நின்றது. தோடியின் கமகம் தோடியின் கமகமாகவே இருந்தது. பிறர் வீட்டுக் கருவியை வாங்கி நம் வீட்டு உணவைச் சமைப்பதுபோல் அவர் அந்த நுட்பத்தைக் கையாண்டார். எதை எடுத்துக்கொள்வது, எதை விட்டுக்கொடுக்காதிருப்பது என்னும் தெளிவு அவருக்கு இருந்தது. அந்நிய மண்ணிலே பிள்ளை வளர்க்கும் எம் போன்றோர்க்கு இத்தெளிவே நாள்தோறும் தேவைப்படுகின்றது.

அவருடைய வாசிப்பின் இன்னொரு சிறப்பு, கீர்த்தனையின் சொற்களை வில்லினாற் பேச வைத்ததாகும். பாடகர் ஒருவர் சொல்லை எங்கே பிரிப்பாரோ அங்கே வில்லைத் திருப்பினார். எங்கே ஒரு சொல்லை நீட்டுவாரோ அங்கே வில்லை நீட்டினார். இதனால் பாடலை அறிந்தவர்களுக்குச் சொற்கள் காதிலே விழுவதுபோலத் தோன்றும்.

சுருதியிலே அவர் காட்டிய கண்டிப்பும் பெரிது. தம்புராவின் இயல்புகளைப் பற்றிக் கட்டுரை எழுதும் அளவுக்கு அதனிடம் ஈடுபாடு கொண்டிருந்தார். சுருதி தவறியவன் யாவற்றையும் இழந்தவனாவான் என்னும் கருத்தை அவர் உறுதியாகக் கொண்டிருந்தார். சாதகம் செய்வதைத் தவமாகவும் கச்சேரியை அத்தவத்தினாற் கிடைத்த வரமாகவும் மதித்தார்.

மேடையும் பெருமைகளும்

முன்னணிப் பாடகர் பலருக்குப் பக்கவாத்தியம் வாசித்துத் தமிழ்நாட்டு இரசிகர்களின் உள்ளத்தைக் கவர்ந்த துவாரம் அவர்கள், வயலினைத் தனிக்கச்சேரிக் கருவியாகவும் உயர்த்தினார். பாடகரின் நிழலாக மட்டுமே வயலின் கருதப்பட்ட காலம் அது. 1938 ஆம் ஆண்டில் வேலூரிலே அவர் நிகழ்த்திய தனிக்கச்சேரியை வயலின் வரலாற்றின் ஒரு திருப்புமுனையாகக் குறிப்பிடுவர். துணைக்கருவி தனித்து நின்று இரண்டு மூன்று மணி நேரம் அவையைக் கட்டிவைக்க வேண்டுமாயின், அதற்குக் குரலுக்கு நிகரான ஒலி வேண்டும். அந்த ஒலியை அவருடைய வில் தந்தது. இன்று வயலின் தனிக்கச்சேரி எங்கும் நடைபெறுகின்றது என்றால் அப்பாதையை வகுத்தோருள் அவர் முதன்மையானவர்.

1941 ஆம் ஆண்டில் சென்னை மியூசிக் அக்கடமியின் மாநாட்டுக்குத் தலைமை தாங்கும் பேறு அவருக்குக் கிடைத்தது. அதன்வழிச் சங்கீத கலாநிதி என்னும் சிறப்பினைப் பெற்றார். ஆந்திரப் பல்கலைக்கழகம் 1950 இல் கலாப்பிரபூர்ணர் என்னும் பட்டம் அளித்தது. 1953 இல் சங்கீத நாடக அக்கடமியின் விருதும், 1957 இல் பத்மசிறீ விருதும் அவரை வந்தடைந்தன.

1952 ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு சந்திப்பு நம் கருத்தைக் கவர்வதாகும். உலகப் புகழ்பெற்ற மேலைத்தேய வயலின் மேதை யெகுடி மெனுகின் அவ்வாண்டு இந்தியாவுக்கு வந்தார். சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த பி. வி. இராசமன்னார் அவர்களின் இல்லத்திலே துவாரம் அவர்களின் வாசிப்பை அவர் கேட்டார். கேட்டு வியந்து பாராட்டினார். ஐரோப்பாவிலிருந்து சென்னைக் கோட்டைக்குள் வந்து இறங்கிய ஒரு கருவி, ஒன்றரை நூற்றாண்டு நம்மவர் கையிலே வளர்ந்து, மேலைத்தேய இசையின் தலைசிறந்த கலைஞர் ஒருவரையே வியக்க வைத்தது.

அதே ஆண்டிலே புதுதில்லியில் தேசிய பௌதிக ஆய்வுகூட மண்டபத்தில், பார்வையற்றோர் நலச் சங்கத்துக்கு நிதி திரட்டும் பொருட்டு அவர் கச்சேரி செய்தார். தமக்குப் பார்வைக் குறை இருந்ததை அவர் பிறருடைய இரக்கத்துக்கு உரியதாக்கவில்லை. தம்மினும் அல்லலுற்றோர்க்கு உதவத் தம் கலையைப் பயன்படுத்தினார்.

அவருடைய மகள் துவாரம் மங்கத்தாயாரு உள்ளிட்ட குடும்பத்தாரும் மாணவர்களும் அவருடைய வாசிப்பு மரபைத் தொடர்ந்து வளர்த்தனர். 1964 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 25 ஆம் நாள், தமது 71 ஆவது வயதில் அம்மேதை மறைந்தார். அவர் பிறந்து நூறாண்டு நிறைந்த 1993 இல் இந்திய அரசு அவருடைய உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது. அவருடைய இசைத்தட்டுப் பதிவுகள் சில இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. பழைய பதிவின் இரைச்சலுக்குள்ளும் அந்த வில்லின் இனிமை மறையவில்லை. பெற்றோர் தம் பிள்ளைகளை அருகில் இருத்தி ஒருமுறையேனும் அவற்றைக் கேட்பிக்க வேண்டுகின்றோம்.

எம் பிள்ளைகள் செய்ய வேண்டுவன

துவாரம் அவர்களைப் போல் நாமும் ஆவோமா என்று எந்தப் பிள்ளையும் மலைக்க வேண்டியதில்லை. வில்லைப் பழக்கும் வழி எளியது, ஆயினும் பொறுமையை வேண்டுவது. வயலின் கற்பிக்கும் ஆசிரியர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் பயிற்சிகள் சிலவற்றை இங்கே தருகின்றோம்.

முதலில் பிடிப்பு. வில்லின் எடை ஏறத்தாழ 60 கிராம் மட்டுமே. ஒரு கோழிமுட்டையின் எடை அவ்வளவு இருக்கும். முட்டையை உடையாமற் பிடிப்பதுபோல் வில்லைப் பிடிக்க வேண்டும். பெருவிரல் சற்று வளைந்திருக்க வேண்டும். மணிக்கட்டும் தோளும் இறுகக் கூடாது. இறுகிய கையின் இறுக்கம் அப்படியே ஒலியிற் கேட்கும்.

இரண்டாவது நேர்மை. வில் குதிரைக்கு இணையாக ஓட வேண்டும். கோணினால் தொடும் இடம் மாறும், ஒலியும் மாறும். ஒரு கண்ணாடிக்கு முன் அமர்ந்து வாசித்தால் பிழை தானே தெரியும்.

மூன்றாவது நீளம். இடக்கை விரல்களைத் தந்தியில் வையாமல், ஒரு தந்தியிலே அடி முதல் நுனி வரை எட்டு எண்ணும் வரை மெதுவாக ஓட்ட வேண்டும். பின் நுனியிலிருந்து அடிவரை எட்டு. இது வசமானதும் பன்னிரண்டு, பதினாறு என்று கூட்டலாம். ஒலி தொடக்கத்தில் இருந்தவாறே முடிவு வரை இருக்கின்றதா என்று செவிகொடுத்துக் கேட்க வேண்டும். வில்லின் அடிப்பகுதியிற் கையின் பாரம் தானாகவே தந்தியின்மீது இறங்கும். நுனியிற் பாரம் குறையும். ஆகவே நுனியை நெருங்கும்போது ஆட்காட்டி விரலாற் சிறிது பாரம் கொடுக்க வேண்டும். நாள்தோறும் பத்து நிமிடம் இதனைச் செய்தாற் போதும். இடக்கைக்கு அவ்வேளை ஓய்வு. செவிக்கு ஓய்வில்லை.

நான்காவது பகிர்வு. சரளி வரிசையை முதலில் சுரத்துக்கு ஒரு வில்லாகவும், பின் இரண்டு சுரத்துக்கு ஒரு வில்லாகவும், அதன்பின் நான்கு, எட்டு என்றும் வாசிக்க வேண்டும். எட்டுச் சுரமும் ஒரே வில்லில் சம அளவோடு வரும்போது வில்லைச் சிக்கனமாகச் செலவிடும் அறிவு வந்துவிடும்.

ஐந்தாவது சொல். கீர்த்தனையை வாசிக்குமுன் வாயாற் பாட வேண்டும். சொற்பொருளை அறிய வேண்டும். தமிழ்ப் பாடலாயின் சொல்லை எங்கே பிரிப்பது என்பதைத் தமிழறிவே காட்டும். தமிழ் தெரியாத பிள்ளை பாபநாசம் சிவன் பாடலைச் சுரமாக வாசிக்கலாம். சொல்லாக வாசிக்க இயலாது. இதனாலேயே இசை வகுப்புக்குச் செல்லும் பிள்ளை தமிழ் வகுப்புக்கும் வர வேண்டும் என்று நாம் வலியுறுத்துகின்றோம்.

கனடாவின் குளிர்காலத்துக்கு உரிய ஒரு குறிப்பும் உண்டு. சூடேற்றிய வீடுகளிலே காற்று மிகவும் உலர்ந்து விடுகின்றது. உலர்ந்த காற்றில் வில்லின் மயிர் சுருங்கி இழுபடும். கருவியின் மரமும் வெடிக்கக் கூடும். ஆகவே வாசித்து முடிந்ததும் வில்லின் திருகாணியைத் தளர்த்தி வைக்க வேண்டும். கருவியை வெப்பக்காற்று வரும் துவாரத்துக்கு அருகே வைக்கலாகாது. குளிருக்குள் நிறுத்திய வாகனத்தில் விட்டுவரவும் கூடாது.

ஆங்கிலப் பாடசாலையில் நின்று வாசிக்கும் முறையையும் வார இறுதியில் அமர்ந்து வாசிக்கும் முறையையும் ஒருங்கே பயிலும் பிள்ளைகள் குழப்பமடைவர் என்று சில பெற்றோர் அஞ்சுகின்றனர். சுருதி கூட்டும் முறையும் கருவியைப் பிடிக்கும் முறையும் வேறு என்பது உண்மையே. வில்லின் இலக்கணமோ இரண்டுக்கும் ஒன்றே. அங்கே கற்கும் வில்லோட்டத்தை இங்கே கொண்டுவந்து தோடிக்கும் கல்யாணிக்கும் பயன்படுத்தலாம். துவாரம் அவர்கள் இசைத்தட்டிலும் அரங்கிலும் தேடிச்சென்று கேட்டு அறிந்ததை எம் பிள்ளைகளுக்கு அவர்களுடைய பாடசாலையே கற்பிக்கின்றது. அவருக்கு வாய்க்காத வசதி இவர்களுக்கு வாய்த்திருக்கின்றது.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை வீட்டிலே வெறும் தந்தியில் ஒரே ஒலியை நீட்டி வாசிக்கும்போது, பாட்டு ஒன்றும் வரவில்லையே என்று கடிந்துகொள்ளாதீர்கள். அது பாட்டுக்கு உயிர் தேடும் நேரம். யாழ்ப்பாணத்திலே வட இலங்கைச் சங்கீத சபைத் தேர்வுகளுக்கு ஆயத்தஞ் செய்த பிள்ளைகளின் வீடுகளில் விடியற்காலையிலே இந்த ஒலியைக் கேட்டு வளர்ந்தவர்கள் எம்மிற் பலர் உளர். போர் அந்த விடியற்காலைகளை எம்மிடமிருந்து பறித்தது. வீட்டையும் வயலையும் விட்டு வந்தோம். கருவிகளையும் விட்டுவிட்டு வந்தவர் பலர். விட்பியின் பனி மூடிய வீடொன்றிலே ஒரு பிள்ளை சட்சத்தை நீட்டி வாசிக்கும்போது, இழந்தவற்றுள் ஒன்று மீண்டும் எம் கைக்கு வருகின்றது. அதனைச் செவிமடுத்துக் கேளுங்கள்.

எழுத்தைப் பிழையின்றி எழுதிவிட்டால் மட்டும் மொழி வந்துவிடாது. சுரத்தைப் பிழையின்றி வாசித்துவிட்டால் மட்டும் இசை வந்துவிடாது. மெய்யோடு உயிர் சேர வேண்டும். பார்வை குன்றிய நிலையிலும் செவியையே துணையாகக் கொண்டு, நான்கு தந்தியிலும் ஒரு வில்லிலும் அந்த உயிரைத் தேடிக் கண்டவர் துவாரம் வேங்கடசாமி நாயுடு. அவருடைய பொறுமையும் உழைப்பும் எம் மாணவச் செல்வங்களுக்கு வாய்ப்பதாக. அவர்களுடைய கைகளிலே தமிழும் இசையும் தழைத்தோங்குக.